எபிரேயத்தில் ‘தோவ்’: எங்கே நின்றால் என்ன பொருள்

கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். ‘தோவ்’ என்றால் ‘நல்ல’ என்று அகராதி சொல்கிறது. ஆனால் புத்தாண்டுக்கு ‘ஷானா தோவா’ என்று வாழ்த்துபவர்கள், இரவில் விடைபெறும்போது ‘லைலா தோவ்’ என்கிறார்கள். இரண்டு பெயர்ச்சொல்லும் ‘ஆ’ ஓசையில்தானே முடிகின்றன, பிறகு ஏன் இந்த வேறுபாடு? வேதாகமத்தில் இதே சொல் ஓரிடத்தில் நல்லது, ஓரிடத்தில் அழகு, இன்னோரிடத்தில் குடித்து மகிழ்ந்த நிலை என்று வருகிறதே, எப்படிப் புரிந்துகொள்வது?

முதல் பாதிக்குப் பதில் எளிது. ‘லைலா’ ஆண்பால் சொல். கண்ணால் பார்த்தால் தெரியாது, காதால் கேட்டால் தெரியும். எபிரேயப் பெண்பால் விகுதியான ‘ஆ’ பெரும்பாலும் அழுத்தம் பெறும்: ஷா-னா என்பதில் அழுத்தம் கடைசி அசையில். ‘லைலா’வில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது, கடைசி ‘லா’ தளர்ந்துதான் ஒலிக்கும். அழுத்தமில்லாத அந்த ‘ஆ’ பெண்பால் விகுதி அல்ல. அதனால் லைலா தோவ்.

இரண்டாம் பாதி நீளமானது. அதற்கு ‘நல்ல’ என்ற ஒற்றைத் தமிழ்ச் சொல்லை மனத்தில் ஒட்டிக்கொண்டு போனால் வழி தவறும். இந்தப் பெயரடையின் பொருளை அது நிற்கும் இடம்தான் தீர்மானிக்கிறது: பெயருக்குப் பின்னாலா, முன்னாலா, ‘மின்’ என்ற இடைச்சொல்லோடா, ‘கண்’ அல்லது ‘இதயம்’ என்ற சொல்லோடா என்பதைப் பார்க்கவேண்டும்.

வடிவத்திலிருந்து தொடங்குவோம். தேத், வாவ், பேத் என்ற மூன்றே எழுத்து. கடைசி பேத்துக்குள் புள்ளி இல்லாததால் ‘ப்’ அல்ல, ‘வ்’. நான்கு உருவங்கள்: ஆண்பால் ஒருமை தோவ், பெண்பால் ஒருமை தோவா, ஆண்பால் பன்மை தோவிம், பெண்பால் பன்மை தோவோத். விகுதி சேரும்போது அழுத்தமும் விகுதிக்கு நகரும். தமிழில் ‘நல்ல பையன், நல்ல பெண், நல்ல வீடுகள்’ என்று பெயரடை அசையாமல் நிற்கிறது. ஆனால் ‘அவன் நல்லவன், அவள் நல்லவள், அது நல்லது’ என்று பயனிலையாகும்போது பால் காட்டுகிறது. எபிரேயம் இரண்டு இடத்திலும் காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால் நம்மவர்களுக்குப் பாதிச் சிக்கல் தீரும்.

மீதிப் பாதி, பெயர்ச்சொல்லின் தோற்றத்தை நம்பிப் பெயரடையை ஒட்டுவதால் வருவது. பன்மை விகுதி ‘இம்’ என்றால் ஆண்பால், ‘ஓத்’ என்றால் பெண்பால் என்று முதல் பாடத்தில் படிக்கிறோம். பெயரடைக்கு அது பிசகாமல் பொருந்தும், பெயர்ச்சொல்லுக்குப் பொருந்தாது. ‘ஷானா’வின் பன்மை ‘ஷானிம்’. ஆனாலும் அது பெண்பாலே, ஆகவே ‘ஷானிம் தோவோத்’. ‘அவ்’ (தந்தை) பன்மையில் ‘அவோத்’. ஆனாலும் ஆண்பால், ஆகவே ‘அவோத் தோவிம்’. ஓசை ஒத்துப்போகவேண்டும் என்று எண்ணி ‘ஷானிம் தோவிம்’ என்று சொல்வது மாணவர்களிடம் மிகச் சாதாரணமாகக் கேட்கும் பிழை. விகுதியே இல்லாத பெண்பால் சொற்களும் உண்டு: கண், கை, கால் போல இரட்டையாக உள்ள உடலுறுப்புகள் பெரும்பாலும் பெண்பால். ‘ஆயின்’ என்றால் கண். ‘ஆயின் தோவா’ என்றால் நல்ல கண், அதாவது பிறர் நன்மையைக் கண்டு பொறாமைப்படாத தாராள மனம்.

சுட்டு இடைச்சொல்லான ‘ஹ’வைக் கவனியுங்கள். ‘ஹசேஃபெர் ஹதோவ்’ என்றால் ‘அந்த நல்ல புத்தகம்’. வாக்கியம் இன்னும் முடியவில்லை. ‘ஹசேஃபெர் தோவ்’ என்றால் ‘அந்தப் புத்தகம் நல்லது’; வாக்கியம் முடிந்துவிட்டது. ஒரு ‘ஹ’ இருப்பதும் இல்லாததும்தான் வித்தியாசம், வினைச்சொல்லே தேவையில்லை. எரேமியா 24:3-இல் தீர்க்கதரிசி இரண்டு கூடை அத்திப்பழங்களைப் பார்த்துச் சொல்லும் சொற்றொடர் இதற்கு வாய்த்த பாடம்: ‘ஹத்தேனிம் ஹத்தோவோத் தோவோத் மெஓத்’. ‘நல்ல அத்திப்பழங்கள் மிகவும் நல்லவை’. தேனிம் ‘இம்’மில் முடிந்தும் பெண்பால் என்பதால் தோவோத். முதல் தோவோத் ‘ஹ’வோடு வந்து பழங்களை அடைமொழியாகக் குறிக்கிறது, இரண்டாவது ‘ஹ’ இல்லாமல் பயனிலையாகிறது. ‘மெஓத்’ (மிகவும்) பெயரடைக்குப் பின்னால் வருகிறது. இந்த நான்கு சொல்லை மனப்பாடம் செய்துவிட்டால் பெயரடை இலக்கணத்தில் பெரும்பகுதி கைக்குள் இருக்கும். இங்கே ‘நல்ல’ என்பது அறத்தைப் பற்றியதும் அல்ல. தின்னத் தக்கவை என்பதே. மற்றக் கூடைப் பழங்கள் தின்னவே முடியாத அளவுக்குக் கெட்டவை என்று அதே வசனம் சொல்கிறது.

இரண்டு பெயர்கள் ஒட்டி நிற்கும் தொடர்களில் பெயரடை கடைசியில்தான் வரும், ஆனால் தலைச்சொல்லோடு பொருந்தும். ‘உகத் ஷோகோலத்’ என்றால் சாக்லேட் கேக். கேக் பெண்பால், சாக்லேட் ஆண்பால். நல்ல சாக்லேட் கேக் என்பது ‘உகத் ஷோகோலத் தோவா’. பக்கத்தில் நிற்கும் சாக்லேட்டைப் பார்த்துத் ‘தோவ்’ என்று சொன்னால் சாக்லேட்தான் நல்லது என்றாகிவிடும். இரண்டு சொல்லும் ஒரே பாலாக இருந்தால் இலக்கணம் கைவிட்டுவிடும். ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தைத் தோற்றுவித்தவராகக் கருதப்படுபவரும் 1760-இல் மறைந்தவருமான இஸ்ரயேல் பென் எலியேசருக்கு ‘பஆல் ஷெம் தோவ்’ என்று பெயர். பஆல் (உடையவர்), ஷெம் (பெயர்) இரண்டும் ஆண்பால். ‘நற்பெயர் உடையவர்’ என்றும் பிரிக்கலாம், ‘திருநாமத்தைக் கையாளும் நல்லவர்’ என்றும் பிரிக்கலாம். சொற்களை மட்டும் வைத்து முடிவுசெய்ய வழியில்லை.

இனி, வாக்கியத்தின் தலையில் வரும் தோவ். பழைய எபிரேயத்தில் இது ஒரு தீர்ப்பு. ‘தோவ் ஹதாவார்’ என்றால் ‘அந்தப் பேச்சு சரி’. கூட்டத்தார் ஒரு யோசனையை ஏற்கும்போது சொல்வது. நீதிமொழிகளில் ‘இதைவிட அது மேல்’ என்று வரும் வரிகளும் இந்த அமைப்புதான். எபிரேயத்தில் ஒப்பீட்டுக்கென்று தனி உருவம் கிடையாது. நம் ‘விட’, ‘பார்க்கிலும்’ போல ‘மின்’ என்ற இடைச்சொல், அடுத்த சொல்லோடு ஒட்டி ‘மி’ அல்லது ‘மே’ ஆகி, வேலையை முடிக்கிறது. ஆகவே ‘தோவ்… மி…’ என்று கண்டால் ‘நல்லது’ என்று மொழிபெயர்க்காமல் ‘மேல்’ என்று வாசிப்பதே பொருந்தும். பகையோடு கொழுத்த எருதின் கறியைவிட அன்போடு கீரை உணவு மேல் என்னும் நீதிமொழிகள் 15:17 ‘தோவ் அருஹத் யாராக்’ என்று தொடங்குகிறது. கவனித்தீர்களா? அருஹா (உணவு) பெண்பால், இருந்தும் ‘தோவா’ என்று வரவில்லை. 17:1-இல் உலர்ந்த அப்பத்துண்டும் பெண்பாலே, அங்கேயும் தோவ்தான். தலையில் நிற்கும்போது இச்சொல் சில வேளை உறைந்துபோய், முழுக் கூற்றின்மேலும் ‘மேல்’ என்று முத்திரை குத்துகிறது. எப்போதும் அப்படி என்று விதி வகுத்துவிடக் கூடாது: பிரசங்கி 9:16 ‘தோவா ஹொக்மா மிக்வுரா’, ‘வலிமையைவிட ஞானம் மேல்’ என்று இணக்கம் காட்டுகிறது. பிரசங்கி 7:1 இரண்டு தோவ்களை ஒரே வரியில் வைத்து விளையாடுகிறது: ‘தோவ் ஷெம் மிஷ்ஷெமென் தோவ்’. முதல் தோவ் ‘மேல்’. கடைசித் தோவ் ‘உயர்ந்த’ எண்ணெய். ஷெம், ஷெமென் என்ற ஓசை ஒற்றுமை எந்த மொழிபெயர்ப்பிலும் தங்காது.

பொருளுக்கு வருவோம். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் இச்சொல் ஏழு முறை வருகிறது: 4, 10, 12, 18, 21, 25, 31 ஆகிய வசனங்களில். ‘கி தோவ்’, ‘நல்லது என்று’ கடவுள் கண்டார். இரண்டாம் நாளுக்கு இல்லை. மூன்றாம் நாளுக்கு இரண்டு முறை. வாரத்தை ஞாயிறிலிருந்து எண்ணுவதால் மூன்றாம் நாள் செவ்வாய். அதனால் திருமணத்துக்கும் வீடு மாறுவதற்கும் செவ்வாயைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் யூதர்களிடையே இருக்கிறது. செவ்வாயில் நல்ல காரியம் தொடங்கத் தயங்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். அந்த அதிகாரத்தில் தோவ் ‘ஒழுக்கமுள்ளது’ என்ற பொருளில் வரவில்லை. வெளிச்சத்துக்கும் நிலத்துக்கும் ஒழுக்கம் ஏது? ஆனது ஆகவேண்டியபடி ஆகியிருக்கிறது, பார்ப்பவருக்கு நிறைவாக இருக்கிறது என்பதே. அடுத்த அதிகாரத்தில் அந்த நாட்டின் பொன் தோவ் (2:12), அதாவது தரமானது. மனிதன் தனியாக இருப்பது ‘லோ தோவ்’ (2:18): பாவம் அல்ல, பொருந்தவில்லை. 3:6-இல் மரம் உணவுக்குத் தோவ். ‘தோவ் லெ…’ என்று வந்தால் ‘இன்னதற்கு ஏற்றது’.

‘பார்ப்பவருக்கு நிறைவு’ என்பதிலிருந்து அழகு ஒரு எட்டுத் தூரம்தான். யாத்திராகமம் 2:2-இல் மோசேயின் தாய் குழந்தையை ‘கி தோவ் ஹு’ என்று கண்டாள். தமிழ் வேதாகமம் இங்கே அழகு என்று எழுதியது சரியே. ஆனால் ‘கண்டார், கி தோவ்’ என்ற படைப்புக் கதையின் அதே அமைப்பு இங்கே திரும்பி வருவது தமிழில் மறைந்துவிடுகிறது. தல்மூது என்ற யூதச் சட்ட, விளக்கத் தொகுப்பின் அறிஞர்கள் அதைத் தவறவிடவில்லை. குழந்தை பிறந்ததும் வீடு முழுவதும் ஒளி நிறைந்தது என்று அதன் சோத்தா என்ற பகுதியில் ஒரு விளக்கம் உண்டு: அங்கே வெளிச்சம் தோவ், இங்கே குழந்தை தோவ். குழந்தையின் பெயரே தோவ் என்றும் ஒருவர் சொன்னார். தோற்றத்தைத்தான் சொல்கிறோம் என்று ஐயமின்றிக் காட்ட ‘மரே’ (தோற்றம்) போன்ற சொல்லைச் சேர்ப்பதும் உண்டு: ரெபெக்காள் ‘தோவத் மரே’ (ஆதியாகமம் 24:16). இந்த அமைப்பில் தோவா ‘தோவத்’ ஆகிறது.

‘கண்’ சேர்ந்தால் எச்சரிக்கை தேவை. ‘ஹதோவ் பெஐனாயிக்’ என்றால் ‘உன் கண்ணுக்கு நல்லது’. அடிமைப்பெண் ஆகாரைப் பற்றி ஆபிராம் தன் மனைவி சாராயிடம் சொல்வது இது (ஆதியாகமம் 16:6). ‘உனக்கு விருப்பமானதைச் செய்துகொள்’ என்பதே இதன் எடை. அடுத்த சொல்லே சாராய் அவளைக் கொடுமைப்படுத்தினாள் என்பது. இங்கே தோவ் இருப்பதால் செயலும் நல்லது என்று படிப்பவர் ஏமாந்துபோவார்.

இத்தனை வகையையும் ஓரிடத்தில் பார்க்க 1 சாமுவேல் 25-ஆம் அதிகாரத்தைத் திறப்பது நல்லது. கஞ்சப் பணக்காரன் நாபாலின் மனைவி அபிகாயில் ‘தோவத் சேக்கெல்’ (வ. 3): கூர்ந்த அறிவுடையவள். தாவீதின் ஆட்கள் ‘யோம் தோவ்’ அன்று வந்திருக்கிறார்கள் (வ. 8): வெறும் நல்ல நாள் அல்ல, ஆட்டுமயிர் கத்தரிக்கும் விருந்து நாள். அந்த மனிதர்கள் எங்களுக்கு ‘தோவிம் மெஓத்’ என்கிறான் நாபாலின் வேலைக்காரன் (வ. 15): எங்களிடம் நன்றாக நடந்துகொண்டார்கள். நாபால் நன்மைக்குத் தீமை செய்தான் என்று தாவீது குமுறும்போது ‘தோவா’ (வ. 21): இது பெயரடையே அல்ல, ‘நன்மை’ என்ற பெயர்ச்சொல். கடைசியாக நாபாலின் ‘இதயம் அவனுக்குத் தோவ்’ (வ. 36): நன்றாகக் குடித்துக் களித்திருக்கிறான், அதே வசனம் அவன் போதையில் இருந்ததைச் சொல்லிவிடுகிறது. இக்காலத்தில் ‘லெவ் தோவ்’ என்றால் நல்ல மனசு, இரக்ககுணம். இன்றைய எபிரேயம் மட்டும் தெரிந்தவர் இந்த வசனத்தைப் படித்தால் கஞ்சன் நாபாலுக்குத் தர்மசிந்தை வந்துவிட்டதாக நினைப்பார்.

இன்னொரு கண்ணி, வினைச்சொல். ‘மா தோவு ஓஹாலெக்கா யாக்கோவ்’, ‘யாக்கோபே, உன் கூடாரங்கள் எவ்வளவு நன்றாயிருக்கின்றன’ (எண்ணாகமம் 24:5) என்பது இன்றும் ஜெப ஆலயத்துக்குள் நுழையும்போது சொல்லப்படுகிறது. ‘தோவு’ பெயரடை அல்ல. பெயரடையாக இருந்தால் ‘தோவிம்’ என்று வந்திருக்கும். இது ‘நல்லதாயிரு’ என்ற நிலைவினையின் பன்மை. உன்னதப்பாட்டில் இரண்டையும் அருகருகே காணலாம்: திராட்சரசத்தைவிட உன் நேசம் மேல் என்பது 1:2-இல் ‘தோவிம்’ என்ற பெயரடையால், 4:10-இல் ‘தோவு’ என்ற வினையால். இந்த வினையின் எதிர்கால உருவம் ‘யித்தவ்’ யோத், தேத், பேத் என்ற உடன்பிறப்பு வேரிலிருந்து வருகிறது. அதனால் பழைய அகராதியில் இரண்டு வேரின்கீழும் தேடவேண்டும். இன்றைய பேச்சில் இந்த நிலைவினை வழக்கில் இல்லை. ‘ஹயா தோவ்’ (நன்றாயிருந்தது) என்று துணைவினையோடுதான் சொல்வார்கள்.

இன்றைய பேச்சில் பிழை அதிகம் நேர்வது வினையடையாக வரும்போது. ‘அவள் நன்றாகப் பாடுகிறாள்’ என்பது ‘ஹி ஷாரா தோவ்’. பாடுபவள் பெண் என்பதால் ‘தோவா’ போடக் கூடாது; தோவ் இங்கே பாடுவதைச் சொல்கிறது, அவளை அல்ல. ‘ஹி மர்கிஷா தோவ்’, அவள் உடம்பு நன்றாயிருக்கிறது. எழுத்துநடையில் ‘ஹெய்தெவ்’ என்ற தனி வினையடை உண்டு. நலம் விசாரித்தால் ‘தோவ், தோதா’ (நலம், நன்றி) அல்லது ‘பெசேதெர்’ (பரவாயில்லை) போதும். ‘அனி தோவ்’ என்று ஓர் ஆண் சொன்னால் ‘நான் நல்லவன்’ என்றாகும். ‘தோவ் லி’ என்றால் ‘எனக்கு நன்றாயிருக்கிறது’. நம் ‘எனக்குப் பசிக்கிறது’ போல நான்காம் வேற்றுமை அமைப்பு, நமக்கு இயல்பாகவே வரும். ‘தோவ் பெ…’ என்றால் ஒன்றில் கெட்டிக்காரர். தனியாக ‘தோவ்’ என்றால் ‘சரி’.

ஒப்பீட்டில் பேச்சுவழக்கு ‘யோதெர் தோவ்’, எழுத்துநடை ‘தோவ் யோதெர்’. எல்லாவற்றிலும் சிறந்தது ‘ஹக்கி தோவ்’. எழுத்தில் ‘ஹதோவ் பெயோதெர்’. பள்ளி மதிப்பெண்ணில் தோவ் அவ்வளவு உயரமில்லை. வழக்கமான அளவீட்டில் 95-உம் அதற்கு மேலும் ‘மெட்ஸுயான்’ (மிகச் சிறப்பு), 85 முதல் 94 வரை ‘தோவ் மெஓத்’, 75 முதல் 84 வரைதான் ‘தோவ்’. அதற்குக் கீழே ‘கிம்அத் தோவ்’, ‘ஏறக்குறைய நல்லது’ என்று ஒரு சங்கடமான படியும் இருக்கிறது.

வாழ்த்துகளில் இரண்டைக் குழப்பிக்கொள்வார்கள். ‘மஸால் தோவ்’ நடந்துமுடிந்த நல்லதற்கு: பிறப்பு, திருமணம், தேர்ச்சி. தேர்வுக்குப் போகிறவருக்குச் சொல்வது ‘பெஹட்ஸ்லஹா’ (வெற்றி கிடைக்கட்டும்). ‘போக்கெர் தோவ்’ (காலை வணக்கம்) என்றால் ‘போக்கெர் ஓர்’, ‘ஒளிமிக்க காலை’ என்று பதில் வரலாம். ‘ஷாவுவா தோவ்’ (நல்ல வாரம்) சனிக்கிழமை இருட்டி ஓய்வுநாள் முடிந்ததும் தொடங்குகிறது. ‘யோம் தோவ்’ மரபு எழுத்தில் பண்டிகை நாள். ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் அது ‘யொந்தெவ்’ என்று தேய்ந்து, ‘குத் யொந்தெவ்’ (‘குத்’ என்றாலும் நல்ல) என்ற வாழ்த்தானது. அதைப் பிரித்துப் பார்த்தால் நல்ல நல்லநாள்.

அரபியின் ‘தய்யிப்’ இதன் உறவுச் சொல். ‘கலிமா தய்யிபா’ (நல்ல வாசகம்) என்று சொல்லிப் பழகிய தமிழ் முஸ்லிம்களுக்கு தோவாவின் இறுதி ‘ஆ’ பெண்பால் விகுதி என்பதைத் தனியாக விளக்கவேண்டியதில்லை.

பெயர்ச்சொற்கள் இரண்டு மீதி. ‘தோவா’ என்றால் உதவியும்தான்: ‘தஅஸே லி தோவா’, ‘எனக்கு ஓர் உதவி செய்’, குரலை ஏற்றிச் சொன்னால் ‘போதும், விட்டுவிடு’. ‘தூவ்’ என்றால் நலம், வளம், சிறந்த பகுதி. ‘கோல் தூவ்’ (எல்லா நலமும்) என்று விடைபெறுவார்கள். உயிர்க்குறி இல்லாமல் அச்சிட்டால் தோவ், தூவ் இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. முன்னால் ஒரு பெயர் இருந்து, பாலும் எண்ணும் ‘ஹ’வும் அதோடு ஒத்துப்போனால் தோவ் என்று வாசியுங்கள். அந்தச் சொல்லே வேறொன்றுக்குத் தலைச்சொல்லாக நின்று, ‘தூவ் ஹஆரெட்ஸ்’ (நாட்டின் வளம்) போல இன்னொரு பெயரை இழுத்துக்கொண்டு வந்தால் பெரும்பாலும் தூவ்.